கடல் இல்லாத ஊருக்கும் புயல் பயம் தேவையா? மன்னார்குடியிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: கொங்கு மருமகள்

வணக்கம். கோவையில் பிறந்து வளர்ந்த நான் திருமணமாகி மன்னார்குடிக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கோவையில் மழை என்றால் பள்ளிக்கு விடுமுறை உண்டா என்பதற்கு மேல் நாங்கள் யோசித்ததில்லை. இங்கே ஐப்பசி பிறந்துவிட்டால் பால்காரர் முதல் எதிர்வீட்டுப் பாட்டி வரை எல்லோருடைய பேச்சும் வங்கக்கடலைச் சுற்றியே வருகிறது. ஆனால் பேச்சை முடிக்கும்போது, "கடல் நமக்கு எங்கேயோ கிடக்கிறது, வேதாரண்யத்துக்காரர்கள்தான் பயப்பட வேண்டும்" என்று ஆறுதலும் சொல்லிவிடுகிறார்கள். அதே மனிதர்கள் கஜாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் குரல் இறங்கிவிடுகிறது. இந்த இரண்டில் எதை நம்புவது என்பதுதான் என் முதல் கேள்வி.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்கட்டு காங்கிரீட் தளம் போட்டது. பின்கட்டு பழைய நாட்டு ஓடு. மாடியில் துணி காயப்போடவும் நெல் மூட்டை வைக்கவும் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. கொல்லையில் இரண்டு தென்னை மரங்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று பின்கட்டின் மேல் சாய்ந்தாற்போல் வளர்ந்திருக்கிறது. கணவர் வெளிநாட்டில் பணிபுரிகிறார். வீட்டில் நானும், இரண்டு வயதுக் குழந்தையும், இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் மாமியாரும் மட்டுமே இருக்கிறோம். மாமியார் ஓட்டு வீட்டில்தான் படுப்பார். அங்குதான் அவருக்குத் தூக்கம் வருமாம்.

புயல் வருகிறது என்று தெரிந்தால் திருச்சியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடுவது நல்லதா? "நாகையில் எட்டாம் எண் கூண்டு" என்று செய்தியில் சொல்கிறார்களே, அதை எங்கள் ஊருக்கு எப்படிப் பொருத்திப் பார்ப்பது? மெழுகுவர்த்தியும் பிஸ்கட்டும் வாங்கி வைப்பதைத் தவிர உண்மையிலேயே செய்ய வேண்டியவை என்ன? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: மன்னை ஓய்வாசிரியர்

அம்மா, உங்கள் எதிர்வீட்டுப் பாட்டி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கடல் பொங்கி ஊருக்குள் ஏறுவது என்னும் பெரிய ஆபத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தூரம் நம்மைக் காப்பாற்றிவிடும். ஆனால் காற்றுக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. புயலுக்குத் தீனி கடலின் வெப்பமும் ஈரமும் என்பதால் தரைக்கு வந்ததும் அது மெலியத் தொடங்கும் என்பது சரிதான். ஆனால் தொடங்குவதற்கும் மெலிந்து முடிப்பதற்கும் இடையில் பல மணி நேரம் இருக்கிறது, அந்த நேரத்துக்குள் அது நம் ஊரைத் தாண்டி எங்கோ போய்விட்டிருக்கும். வழியில் தடுக்க ஒரு குன்றுகூட இல்லாத சமவெளி நம்முடையது.

1977-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு புயல் கரையைக் கடந்தது. நான் அப்போது தஞ்சைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளிப் பலகாரம் இன்னும் டப்பாவில் மிச்சம் இருந்தது. அன்று காலை தஞ்சாவூரிலும் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியதாக வானிலை ஆய்வுத் துறையின் பதிவு சொல்கிறது. திருச்சி நாகையிலிருந்து நேர்க்கோட்டிலேயே நூற்றிருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊர். அந்தப் புயலில் 560 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். ஆகவே நாத்தனார் வீட்டுக்குப் போவதால் மட்டும் புயலிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். புயல் மேற்கு நோக்கி வரும்போது நீங்களும் மேற்கு நோக்கிப் போவது அதற்கு முன்னால் நடப்பதாகத்தான் முடியும். போவதானால் இரண்டு நாள் முன்பே பகலில் போய்ச் சேருங்கள். கடைசி நேரத்தில் குழந்தையையும் பெரியவரையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு புளியமரச் சாலைகளில் போவதைவிட உங்கள் காங்கிரீட் முன்கட்டு எவ்வளவோ பாதுகாப்பானது.

கஜா 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி பின்னிரவில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதிராம்பட்டினத்தில் மணிக்கு 111 கிலோமீட்டர் வேகம் பதிவானது. எங்கள் தெருவில் நள்ளிரவு வரை வாடைக் காற்று சற்று வேகமாக வீசுகிறது என்னும் அளவில்தான் இருந்தது. அதன் பிறகு வந்த சத்தத்தை ஊளை என்று சொல்வார்கள். எனக்கென்னவோ நெல் அரவை ஆலையின் உள்ளே உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது, இடைவெளியே இல்லை. கதவின் தாழ்ப்பாள் அதன் கொண்டியில் துடித்துக்கொண்டே இருந்தது. நானும் என் மனைவியும் கதவோடு மேசையை அண்டக் கொடுத்து அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தோம். வடக்கிலிருந்து வந்த காற்று கிழக்கே திரும்பி, விடியும் நேரத்தில் தெற்கிலிருந்து அடித்தது. கூரையின் வடக்குச் சரிவு ஓடுகள் தப்பித்தன என்று நிம்மதி அடைந்த நேரத்தில் தெற்குச் சரிவு ஓடுகள் போயின.

காலையில் வெளியே வந்தபோது முதலில் உறைத்தது வெளிச்சம். கார்த்திகை பிறக்கப் போகிற மூட்டமான காலை, ஆனால் தெரு முழுவதும் ஏதோ கூரையைப் பிரித்துவிட்டாற்போல் பளிச்சென்று இருந்தது. மரங்கள் இல்லாத வானம் அது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. சுற்றியிருந்த கிராமங்களில் அதைவிடப் பல நாட்கள் ஆயின. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்தன என்றால் ஏன் தாமதமானது என்று புரிந்துகொள்ளலாம். புயல் ஓர் இரவுதான். நாங்கள் உண்மையில் பட்ட பாடு அந்தப் பன்னிரண்டு நாட்களில்தான் இருக்கிறது. மாடித் தொட்டியை நிரப்ப ஜெனரேட்டரை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்தோம். ஏடிஎம் இயங்காததால் கையில் இருந்த பணம்தான் பணம். மூலையில் துருப்பிடித்துக் கிடந்த அடிபம்புக்கு வாஷர் மாற்றிக் கொடுத்த பக்கத்துத் தெரு மெக்கானிக்கை எங்கள் தெரு இன்னும் மறக்கவில்லை. ஆகவே நீங்கள் பட்டியல் போடும்போது ஓர் இரவுக்குப் போடாதீர்கள், இரண்டு வாரத்துக்குப் போடுங்கள்: குடிநீர், மண்ணெண்ணெயோ மாற்று எரிவாயு உருளையோ, சில்லறை நோட்டுகள், குழந்தைக்குப் பால்மாவு, பழைய பொத்தான் கைப்பேசி ஒன்று.

கூண்டைப் பற்றிக் கேட்டீர்கள். அது துறைமுகத்துக்கும் கப்பல்களுக்கும் உரிய குறியீடு. 8, 9, 10 ஆகிய மூன்றுமே பெரும் அபாயத்தைக் குறிப்பவை. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாக அல்லது நேர் மேலாகக் கடக்கும் என்பதில்தான் அவற்றுக்குள் வேறுபாடு. எட்டைவிட ஒன்பது ஒரு படி கொடியது என்று எண்ணிக்கொள்வது தவறு. பதினொன்று வந்தால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. புயல் கரையைக் கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரத்துக்கு முன்பிருந்து வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் அறிக்கைகளில், கரையைக் கடந்த பிறகு அது எந்தத் திசையில் நகரும், எந்தெந்த உள்மாவட்டங்களில் எவ்வளவு காற்றும் மழையும் இருக்கும் என்றும் சொல்வார்கள். தொலைக்காட்சிகள் கடற்கரையில் நின்று அலையைக் காட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பகுதி பெரும்பாலும் நம் காதில் விழுவதே இல்லை.

பதில் 2: தஞ்சைக் கட்டடப் பொறியாளர்

ஆசிரியர் ஐயா சொன்ன காற்றின் திருப்பத்துக்குக் காரணம் எளியது. நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்பவை. புயலின் மையம் உங்கள் ஊருக்குத் தெற்கே மேற்கு நோக்கி நகர்ந்தால் காற்று வடக்கு, கிழக்கு, தெற்கு என்று திரும்பும். வடக்கே நகர்ந்தால் வடக்கு, மேற்கு, தெற்கு என்று திரும்பும். எப்படியானாலும் ஒரே இரவில் வீட்டின் மூன்று பக்கங்களையும் அது சோதித்துவிடும். மையமே உங்கள் தலைக்கு மேல் வந்தால் நடுவில் திடீரென்று அமைதி நிலவும். அது முடிந்துவிட்டது என்று நம்பிக் கொல்லைப்புறம் போனவர்கள் எதிர்த்திசைக் காற்றில் மாட்டியிருக்கிறார்கள்.

சகோதரி கோவையிலிருந்து வந்தவர் என்பதால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். கட்டடங்களை வடிவமைக்க நாங்கள் பயன்படுத்தும் இந்தியத் தர நிர்ணயம் 875-இன் மூன்றாம் பகுதி ஒவ்வோர் ஊருக்கும் ஓர் அடிப்படைக் காற்று வேகத்தைக் கொடுக்கிறது. கோவைக்கு அது விநாடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47 மீட்டர். வித்தியாசம் சிறியதாகத் தோன்றும். ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், கோவையில் நிற்கும் அதே கொட்டகை திருச்சியில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருக்கும். மன்னார்குடியோ திருச்சியைவிடக் கடலுக்கு நெருக்கமானது.

இப்போது உங்கள் மாடித் தகரக் கொட்டகைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டிலேயே ஆபத்தான பகுதி அதுதான். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது விழும் அழுத்தம் சுமார் 17 கிலோ எடைக்குச் சமம். அதிராம்பட்டினத்தில் பதிவான 111 கிலோமீட்டர் வேகத்தில் அது 58 கிலோ ஆகிவிடும். பத்தடி நீளமும் மூன்றரை அடி அகலமும் உள்ள ஒரு தகரத்தை அந்தக் காற்று ஏறத்தாழ 190 கிலோ விசையோடு மேலே இழுக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பவை நான்கைந்து திருகாணிகள். நம் பக்கத்தில் கொட்டகை போடுபவர்கள் மழை ஒழுகாமல் இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்களே தவிர, தகரம் பறக்காமல் இருக்க வேண்டும் என்று பார்ப்பதில்லை. கஜாவுக்குப் பிறகு நான் போய்ப் பார்த்த வீடுகளில் பலவற்றில் திருகாணி அறுந்திருக்கவில்லை. துருப்பிடித்த தகரம் திருகாணியின் தலையைச் சுற்றிக் கிழிந்து, ஆணியை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தது. பறந்த தகரம் மூன்று வீடு தள்ளி நின்ற ஒருவருடைய கார் கண்ணாடியில் செருகி நின்றதையும் பார்த்தேன்.

ஆகவே ஒரு பற்றவைப்புக்காரரை அழைத்து, ஓரத்து வரிசைகளிலும் முகட்டிலும் திருகாணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் அகலமான வாஷர் போடச் சொல்லுங்கள். சுற்றோரத்தில்தான் காற்று முதலில் நகத்தை நுழைக்கும். கொட்டகையின் இரும்புக் கால்கள் தளத்தோடு சேரும் இடத்தையும் பாருங்கள். நான்கு செங்கல்லை அடுக்கிச் சிமென்ட் பூசி நிறுத்தியிருந்தால் அது அலங்காரம் மட்டுமே. செலவு கட்டுப்படியாகாவிட்டால் ஐப்பசியிலேயே தகரங்களைக் கழற்றி அடுக்கி வைத்துவிட்டு, தை பிறந்ததும் மாட்டிக்கொள்ளலாம். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஆண்டுதோறும் அப்படித்தான் செய்கிறது.

மாடியில் மழைநீர் இறங்கும் குழாய் வாய்களை இன்றே பாருங்கள். இலைச்சருகு அடைத்து, கைப்பிடிச் சுவருக்குள் நான்கு அங்குலம் தண்ணீர் நின்றால், ஆயிரம் சதுர அடித் தளத்தின் மேல் ஒன்பது டன்னுக்கும் அதிகமான எடை ஏறியிருக்கும். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை முந்தைய நாளே நிரப்பிவிடுங்கள்; நிறைந்த தொட்டி நகராது, வெற்றுத் தொட்டி பறக்கும், குடிக்கவும் தண்ணீர் இருக்கும். கண்ணாடிச் சன்னல்களுக்குக் குறுக்கே காகித நாடா ஒட்டுவதால் கண்ணாடி உடையாமல் இருக்கப்போவதில்லை. பலகை அடிக்க முடிந்தால் அடியுங்கள், இல்லாவிட்டால் அந்த அறையில் இருக்காதீர்கள்.

வீட்டுக்குள் அழுத்தம் சமமாக இருக்க எதிர்ப்பக்கத்துச் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். காற்று உள்ளே புகுந்தால் கூரையை மேலிருந்து இழுக்கும் விசையோடு உள்ளிருந்து தள்ளும் விசையும் சேர்ந்துகொள்ளும், ஓட்டு வீட்டுக்கு அது போதும். எல்லாக் கதவு, சன்னல்களையும் அடைத்துவிட்டு, காங்கிரீட் முன்கட்டில் சன்னல் குறைவாக உள்ள உள்ளறையில் மூவரும் இருங்கள். மாமியார் அந்த ஓர் இரவு ஓட்டு வீட்டில் படுக்கவே கூடாது.

பதில் 3: ஒரத்தநாட்டுத் தென்னை விவசாயி

இருவரும் காற்றைப் பற்றியே பேசிவிட்டார்கள், எனக்கு அதில் சிறு மனத்தாங்கல் உண்டு. எங்கள் ஊரைக் கேட்டால் மழையைத்தான் முதலில் சொல்வோம். 2008-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி காரைக்கால் பக்கம் கரையைக் கடந்த நிஷா, காற்றளவில் பெரிய புயல் இல்லை. மரம் அவ்வளவாகச் சாயவில்லை. ஆனால் ஒரத்தநாட்டில் 24 மணி நேரத்தில் 66 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் பெய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறியாளர் சொன்ன ஆயிரம் சதுர அடி மாடியில் மட்டும் அது அறுபதாயிரம் லிட்டருக்கு மேல். ஆகவே "வெறும் புயல்தான், தீவிரப் புயல் இல்லை" என்று செய்தியில் கேட்டால் பாயை விரித்துப் படுத்துவிடாதீர்கள். புயல், தீவிரப் புயல், அதிதீவிரப் புயல் என்பதெல்லாம் காற்றின் வேகத்தை வைத்துச் சூட்டும் பெயர்கள். 62 கிலோமீட்டரில் புயல், 89-இல் தீவிரப் புயல், 118-இல் அதிதீவிரப் புயல். எவ்வளவு மழை பெய்யும் என்பதற்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மெதுவாக நகரும் சோம்பேறிப் புயல்தான் அதிகம் பெய்யும்.

கடல் நம் ஊருக்கு வராது என்று ஆசிரியர் சொன்னது உண்மை. ஆனால் நம் தண்ணீரைக் கடல் வாங்கிக்கொள்ள வேண்டுமே! டெல்டாவின் வடிகால்கள் எல்லாம் கடைசியில் கடலில்தான் போய் விழுகின்றன. புயல் நேரத்தில் முகத்துவாரத்தில் கடல் மட்டம் உயர்ந்து நிற்பதால் வடிகால் நீர் போக வழியில்லாமல் பின்னுக்குத் தேங்கும். அதனால்தான் மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் சம்பா வயலில் தண்ணீர் இறங்காமல் நிற்கும். பாமணியாற்றுக்குப் பக்கத்தில் தாழ்வான தெருவில் உங்கள் வீடு இருந்தால் இதையும் எண்ணிப் பாருங்கள். தெருக்கோடியில் உள்ள வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறதா என்று இப்போதே போய்ப் பார்த்து, வார்டு உறுப்பினரிடம் எழுதிக் கொடுங்கள். வீட்டுப் பத்திரம், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் நிலப் பத்திரம் ஊறிப்போய் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக் காயவைத்த கதை உண்டு.

தென்னையைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் நான் அதைத்தான் சொல்ல வந்தேன். பின்கட்டின் மேல் சாய்ந்திருக்கும் மரத்தை வெட்டிவிடலாமா என்று யாராவது சொல்வார்கள். தென்னையை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. கஜாவில் நான் இழந்தவை முந்நூற்றுப் பத்து மரங்கள், அவற்றில் பல என் தகப்பனார் வைத்தவை. அரசு ஒரு மரத்துக்கு, வெட்டி அகற்றும் கூலியையும் சேர்த்து, 1,100 ரூபாய் கொடுத்தது. காய்ப்புக்கு வந்த மரம் ஓராண்டில் தரும் காயைக் கணக்கிட்டால் அது எந்த மூலைக்கு? என்றாலும் உங்கள் விஷயத்தில் ஆள் படுக்கும் கூரையின் மேல் சாய்ந்த மரம் என்பதால், அதை மட்டும் மரம் வெட்டத் தெரிந்தவரை வைத்து இறக்கிவிடுங்கள். நேராக நிற்கும் மற்ற மரத்துக்கு, எச்சரிக்கை வந்தவுடன் முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் இறக்கிவிட்டால் போதும். தலைப்பாரம் குறைந்தால் காற்று பிடிக்கும் பரப்பும் குறையும். புயல் அன்று மட்டையும் காயும் பீரங்கிக் குண்டுகள்தாம்.

மாடு வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு சொல்: கட்டுத்தறியில் கட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள். அவிழ்த்துவிட்ட மாடு தனக்கு மேட்டைத் தேடிக்கொள்ளும். நெல் போட்டிருப்பவர்கள் காப்பீட்டுக்குப் புயல் சின்னம் தெரியும் வரை காத்திருக்க வேண்டாம். சம்பாவுக்குப் பொதுவாக நவம்பர் 15 கெடு, கூட்டுறவுச் சங்கத்தில் கடைசி நாளில் நிற்கும் வரிசை ஊருக்கே தெரிந்ததுதான். சேதத்தைப் படம் எடுக்கும்போது வீடும் மரமும் அடையாளம் தெரியும்படி எடுங்கள். இப்போதே, எல்லாம் நன்றாக நிற்கும்போது, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பதில் 4: ஓய்வுபெற்ற செவிலியர், பட்டுக்கோட்டை

உங்கள் மாமியாரின் இன்சுலினைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன். திறந்து பயன்படுத்தும் குப்பி பொதுவாக நான்கு வாரம் வரை அறைவெப்பத்தில் கெடாது, வெயிலும் அடுப்புச் சூடும் படக் கூடாது அவ்வளவுதான். திறக்காத குப்பிகள்தாம் பிரச்சினை. ஒரு பெரிய மண்சட்டியில் ஈரமணலைப் பரப்பி, அதன் நடுவே ஒரு சிறிய மண்குடுவையை அமர்த்தி, குப்பிகளை நீர் புகாத உறையில் போட்டுக் குடுவைக்குள் வைத்து ஈரத்துணியால் மூடிவிடுங்கள். நிழலில் காற்றோட்டமான இடத்தில் வைத்து மணலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் குளுமை நிற்கும். பனிக்கட்டியின் மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் வீணானதுதான். கஜாவுக்குப் பிறகு மருந்துக் கடைகள் திறக்கவே சில நாட்கள் ஆயின. மூன்று வாரத்துக்கான மருந்தும் ஊசிகளும் கையிருப்பில் இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் தவறும் நாட்களில் அளவை எப்படிக் குறைப்பது என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள். சர்க்கரை இறங்கி மயங்குபவர்களை இருட்டில் அடையாளம் காண்பது கடினம்.

புயலுக்குப் பிந்தைய நாட்களில் எங்களிடம் வந்தவர்களில் காற்றில் அடிபட்டவர்களைவிட மரம் அறுக்கும்போது வெட்டுப்பட்டவர்கள், ஓடு மாற்ற ஏறி விழுந்தவர்கள், பாம்பு கடித்தவர்கள் அதிகம். தண்ணீர் புகுந்த புற்றிலிருந்து பாம்புகள் மேட்டைத் தேடி வீட்டுக்குள்தான் வரும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, விடியற்காலையில் வயிற்று வலி என்றும் கண் இமை திறக்க முடியவில்லை என்றும் சொல்வார்கள். அதைச் சாதாரண வயிற்று வலி என்று விட்டுவிடக் கூடாது. கடித்த இடத்தைக் கீறவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கை கால்களை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். ஆகவே குழந்தையைக் கட்டிலில் படுக்க வையுங்கள், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள்.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பதைப் பற்றி ஆசிரியர் எழுதியிருந்தார். மழைக்குப் பயந்து அதைத் தாழ்வாரத்துக்குள்ளோ மாடிப்படிக்குக் கீழோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூங்குபவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். அதை வீட்டு இணைப்போடு சேர்ப்பதானால் மின்பணியாளரைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டுச் சேருங்கள். இல்லாவிட்டால் உங்கள் மின்சாரம் தெருக்கம்பிக்குப் போய், அங்கே கம்பத்தில் ஏறி நிற்கும் பணியாளரின் உயிரை வாங்கிவிடும். அறுந்து கிடக்கும் கம்பி எதுவானாலும், அது கேபிள் டிவி கம்பியாகவே தெரிந்தாலும், தாண்டாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, ஆம்புலன்ஸ் 108. இவற்றைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் சுவரில் கரியால் எழுதி வையுங்கள், மின்கலம் தீர்ந்த கைப்பேசியில் எண் இருந்து பயனில்லை.

கொங்கு மருமகள் (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. திருச்சிப் பயணத்தைக் கைவிட்டுவிட்டேன். மாடிக் குழாய் வாயில் கையை விட்டுப் பார்த்தபோது ஒரு பந்தும் இரண்டு கைப்பிடி வேப்பஞ்சருகும் வந்தன. சாய்ந்த தென்னையை வெட்ட ஆள் சொல்லியாகிவிட்டது. விவசாயி ஐயா சொன்னதைப் படித்துக் காட்டிய பிறகுதான் மாமியார் சம்மதித்தார், வெட்டும் அன்று தான் கோயிலுக்குப் போய்விடுவதாகவும் சொல்லிவிட்டார்.

இரண்டு கேள்விகள் பாக்கி இருக்கின்றன. பற்றவைப்புக்காரர் வந்து பார்த்துவிட்டு, பழைய தகரத்தில் புதிய ஓட்டை போட்டால் அது இன்னும் பலவீனமாகிவிடும், கயிறு கட்டி மணல் மூட்டை வைத்தால் போதும் என்கிறார். அவர் சொல்வது சரியா? மாமியாரோ ஓட்டு வீட்டை விட்டு வரமாட்டேன் என்பதில் உறுதியாக இருக்கிறார். "கஜாவிலேயே இதே இடத்தில்தான் படுத்திருந்தேன்" என்பதுதான் அவருடைய பதில்.

தஞ்சைக் கட்டடப் பொறியாளர்

துருப்பிடித்த தகரத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. கட்டைவிரலால் அழுத்தினால் உதிரும் தகரத்தைக் காப்பாற்ற முயல வேண்டாம், ஓரத்து இரண்டு வரிசைகளை மட்டுமாவது புதிதாக மாற்றுங்கள். ஆனால் மணல் மூட்டையை ஏற்கவே மாட்டேன். 190 கிலோ விசைக்கு எதிராக ஒரு தகரத்துக்கு நான்கு மூட்டை வேண்டும், அதைத் தாங்கக் கொட்டகைக்கே பலம் இருக்காது. தகரம் கிளம்பினால் மூட்டையும் சேர்ந்து தெருவில் விழும். பணம் இடிக்கிறது என்றால் இந்தப் பருவத்துக்குக் கழற்றி வைத்துவிடுங்கள்.

மன்னை ஓய்வாசிரியர்

மாமியாரிடம் புயல் என்று சொல்லாதீர்கள் அம்மா. குழந்தை இரவில் அழுகிறது, எனக்குத் தனியாகப் பயமாக இருக்கிறது, நீங்கள் முன்கட்டில் வந்து படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று சொல்லுங்கள். புயல் அன்று சொன்னால் பிடிவாதம்தான் வரும்; இன்றைக்கே தொடங்கினால் பத்து நாளில் பழகிவிடும். கட்டிலோடு அவருடைய வெற்றிலைப் பெட்டியையும் செம்பையும் சேர்த்து மாற்றுங்கள்.

கொங்கு மருமகள்

ஐயா, நேற்றிரவே மாற்றிவிட்டோம். மின்விசிறியின் சத்தம் அதிகம் என்று இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தார். மூன்றாம் முறை குழந்தை அவருடைய கட்டிலுக்கே போய்விட்டான். தகரங்களை ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறார்கள்.